கட்டுநாயக்க நெரிசலும் ஹட்டன் ரோடும்: முதலில் எதைக் கட்டணும்?

#1 மஸ்கெலியா_மைந்தன்

எல்லாருக்கும் வணக்கம். கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கூட்டம் தாங்கவில்லை என்று மறுபடியும் பேச்சு கிளம்பியிருக்கிறது. ஹோட்டல்காரர்கள் ஒரு பக்கம், டூரிஸ்ட் ஏஜென்ட்கள் ஒரு பக்கம் தங்கள் கஷ்டத்தைச் சொல்கிறார்கள். நம் மலையகத்துக் கதையை யாரும் எழுதக் காணோம். அதனால்தான் இந்த இழை.

கணக்கு எளிது. இப்போதுள்ள முனையம் வருஷத்துக்கு 60 இலட்சம் பயணிகளுக்குப் போட்டது. 2018லேயே ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. பிறகு ஈஸ்டர் குண்டு, கொரோனா, பெட்ரோல் கியூ என்று கூட்டம் தானாகவே இறங்கியது. புதுக் கட்டடம் எழும்ப அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. இரண்டாவது முனையம் வந்தால் இன்னும் 90 இலட்சம் பேருக்கு இடமாகும். ஜப்பான் கடனுக்கு முதல் கையெழுத்து 2012ல் விழுந்தது. வேலை தொடங்கியது 2020 நவம்பரில். 2022ல் நாடு கடன் கட்ட முடியாது என்று கையை விரித்ததும் வேலையும் நின்றது.

அந்த முனையத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். இராத்திரி பத்துக்குப் பிறகு புறப்பாட்டு வாசலுக்குப் போனால் தெரியும். குவைத், ரியாத், டோஹா போகிற நம் அக்காமார், தங்கச்சிமார். சூட்கேஸ் கைப்பிடியில் அடையாளத்துக்குக் கட்டின சிவப்பு ரிப்பன். கழுத்தில் தொங்கும் பிளாஸ்டிக் உறை, அதற்குள் பாஸ்போர்ட், டிக்கட், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவுத் தாள். வாசலில் பெக்கை ஸ்கேனில் போட ஒரு கியூ, உள்ளே செக்-இன் கியூ, பணியக மேசை, குடிவரவு, கடைசியில் விமானம் ஏறும் வாசலுக்கு முன்னால் இன்னொரு ஸ்கேன். முதல் பயணம் போகிற ஒருத்திக்கு எது எதற்கான கியூ என்றே புரியாது. யாரைக் கேட்பது என்றும் தெரியாது.

வெளிநாட்டில் உழைக்கிறவர்கள் 2024ல் அனுப்பின பணம் 650 கோடி டொலருக்கு மேல். அது போக, வெளியே போகிற ஒவ்வொருத்தரும் டிக்கட்டோடு சேர்த்து 60 டொலர் புறப்பாட்டு வரி கட்டுகிறோம். இவ்வளவு கொடுத்தும் நிற்க இடமில்லை. அரசாங்கம் முதலில் எதில் கை வைக்கணும்? முனையமா, ரோடா, ரயிலா? சொல்லுங்கள்.

#2 ஊவா_காற்று

நல்ல இழை அண்ணே. எனக்கு வேறு அபிப்பிராயம். எல்லாவற்றையும் கட்டுநாயக்கவிலேயே கொண்டுபோய்க் குவித்தால் கூட்டம் எப்படிக் குறையும்? கண்டிப் பக்கம் ஒரு விமான நிலையம் என்ற பேச்சு எத்தனை தடவை வந்து போனது. யாழ்ப்பாணத்துக்கு 2019ல் பலாலி கிடைத்தது. இன்றைக்குச் சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நேரே போய் இறங்குகிறார்கள். நாம் கேட்டால் மட்டும் என்ன குறை?

#3 கொட்டகலை_வேன்

ஆளில்லாத விமான நிலையத்துக்குத் தெற்கே மத்தல ஒன்று போதாதா தம்பி?

#4 ஊவா_காற்று

//மத்தல ஒன்று போதாதா//

அண்ணே, மத்தலயைச் சுற்றி மயிலும் யானையும்தான். இங்கே ஆள் இருக்கிறது. பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை என்று எத்தனை இலட்சம் பேர். எல்ல, நுவரெலியா போகிற வெள்ளைக்காரனும் கட்டுநாயக்கவில் இறங்கித்தானே மலை ஏறுகிறான்.

#5 கண்டி_கியூஎஸ்

ஊவா தம்பி, கேட்கிறதில் தப்பில்லை. ஆனால் மலையில் ஓடுபாதை போடுகிறதென்றால் என்னவென்று பார்க்கணும். கட்டுநாயக்க ஓடுபாதையின் நீளம் 3,350 மீற்றர். வளைகுடா போகிற பெரிய விமானத்துக்கு அந்த அளவு வேணும். ஏடிஆர் மாதிரிச் சின்ன விசிறி விமானம் என்றால் ஒன்றரைக் கிலோமீற்றர் போதும் என்று சொல்வார்கள், அது கடல் மட்டத்துக் கணக்கு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறையக் குறைய இன்ஜினும் இறக்கையும் தரும் பலம் குறையும், ஓடவேண்டிய தூரம் கூடும். அவ்வளவு நீளத்துக்குச் சமதரை எங்கே? மலையை வெட்டி பள்ளத்தை நிரப்பினால் மண்சரிவுக்கு நாமே பத்திரம் எழுதிக் கொடுத்த மாதிரி. இதற்கு மேல் பின்னேரத்தில் மூடுகிற பனிமூட்டம். கண்டி உயரம் குறைவு, ஆனால் நாலு பக்கமும் மலை, விமானம் சரிவாக இறங்கி வர நேரான வழி வேணும். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மிதவை விமானம் தண்ணீரில் இறங்கியது. அது டூரிஸ்டுக்கு. சூட்கேஸோடு குவைத் போகிறவருக்கு அதில் என்ன வேலை?

மத்தலயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2013 மார்ச்சில் திறந்தார்கள். 20 கோடி டொலருக்கு மேல் செலவு, பெரும்பகுதி சீனக் கடன். வருஷத்துக்குப் பத்து இலட்சம் பேர் என்று கணக்குப் போட்டார்கள். 2015ல் அதன் சரக்குக் கட்டடத்தில் நெல் மூட்டை அடுக்கினார்கள். 2018ல் கடைசியாக ஒழுங்காக வந்துகொண்டிருந்த விமான நிறுவனமும் போய்விட்டது. 2024 ஏப்ரலில் ஓர் இந்திய, ரஷ்யக் கூட்டுக்கு 30 வருஷக் குத்தகைக்குக் கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. ஆட்சி மாறியது, அந்தப் பேச்சும் அமுங்கியது. ஆளில்லாத இடத்தில் கட்டடம், ஆள் நெரிகிற இடத்தில் அரைக் கம்பி. முதலீடே இல்லை என்று சொல்லாதீர்கள். இருந்தது, எங்கே போனது என்பதுதான் பிரச்சினை.

#6 தலவாக்கலை_நைட்ஷிப்ட்

நான் அங்கேதான் வேலை செய்கிறேன். எந்தப் பிரிவு என்று சொல்ல மாட்டேன், வேலை வேணும். 😄

வெளியே தெரியாத ஒரு விஷயம்: வருஷக் கணக்கை வைத்து நெரிசலைப் புரிந்துகொள்ள முடியாது. மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து பார்த்தால் இங்கே எங்கே கூட்டம் என்பீர்கள். துபாய், டோஹா, அபுதாபி எல்லாம் மாற்றிப் பறக்கிற இடங்கள். அங்கேயிருந்து ஐரோப்பாவுக்குக் காலையில் விமானங்கள் ஒரே கொத்தாகக் கிளம்பும். அதற்கு ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கணும் என்றால் நம் ஊரிலிருந்து நள்ளிரவிலும் விடியற்காலையிலும்தான் புறப்படணும். எல்லா நிறுவனத்துக்கும் அதே நேரம் வேணும். ஆகவே மூன்று நாலு மணித்தியாலத்துக்குள் பெரிய விமானங்கள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றுக்கும் முந்நூறு பேர். அந்த நேரத்தில் கவுன்டர் எத்தனை திறந்திருக்கிறது, குடிவரவு மேசையில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், வாசல் ஸ்கேன் எத்தனை ஓடுகிறது என்பதுதான் முக்கியம். கட்டடம் இல்லாமலேயே இதில் கொஞ்சம் சரி செய்யலாம். முழுக்க முடியாது. சுவர் சுவர்தானே.

ஓடுபாதையும் ஒன்றுதான். 2017ல் அதற்குப் புதுத் தார் போட்டபோது ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பகலில் எட்டு மணித்தியாலம் மூடினார்கள். எல்லா விமானமும் இராத்திரிக்குப் போனது. அப்போது வேலை செய்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

டிசம்பர், ஜனவரி வந்தால் இன்னொரு கூட்டம். ஐயப்பசாமிமார். கறுப்பு வேட்டி, வெறுங்கால், தலையில் இருமுடி. குருசாமி முன்னால், பின்னால் கன்னிசாமிமார் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஹட்டன், புசல்லாவை, பதுளை என்று எல்லா ஊர் ஆளும் இருப்பார்கள். அதே நேரத்தில் வெள்ளைக்காரர் சீசன் உச்சம். ஸ்கேன் பெல்டில் சேர்ஃப் போர்டுக்கு அடுத்து இருமுடி வரும். அந்த இரண்டு மாதமும் எங்களுக்கு லீவு கேட்கவே வாய் வராது.

#7 டோஹா_தம்பி

தலவாக்கலை அண்ணே சொன்னது நூற்றுக்கு நூறு. வருகிற பக்கத்தையும் சேருங்கள். நாங்கள் இறங்கினதும் வரியில்லாக் கடையில் ஃபிரிட்ஜ், வொஷிங் மெஷின், டிவி வாங்குவோம். அந்தப் பெட்டியை ட்ரொலியில் வைத்து, சூட்கேஸ் இரண்டு, கம்பளி மூட்டை ஒன்று. ஒரு ஆள், ட்ரொலி மூன்று. வெளியே வந்தால் வீட்டுச் சனம் பதினைந்து பேர், அவர்களைக் கொண்டுவந்த வேன், பக்கத்தில் அதே மாதிரி இன்னும் ஐம்பது குடும்பம். இந்த நெரிசலில் பாதி நாம்தான். அதையும் ஒத்துக்கொள்ளணும்.

#8 கொட்டகலை_வேன்

டோஹா தம்பி, பதினைந்து பேர் ஏன் வருகிறோம் என்று நான் சொல்கிறேன். அனுப்ப வருகிறவர்களைத்தான் நான் ஏற்றிப் போகிறேன், தெரியும்.

தேயிலைத் தோட்டத்திலிருந்து தனியாக ஒரு பொம்பளைப் பிள்ளை பஸ் மாறி மாறி நடுச்சாமத்தில் கட்டுநாயக்க போய்ச் சேர முடியுமா? முடியாது. வேன் பிடிக்கணும். வேன் பிடித்தால் காசு ஒன்றுதான், இரண்டு பேர் போனாலும் பதினாலு பேர் போனாலும். சரி, அம்மா வரட்டும், பிள்ளைகள் வரட்டும், பெரியம்மாவும் வரட்டும் என்று ஆகிவிடும். விடியற்காலை மூன்று மணி ஃப்ளைட்டுக்கு முதல் நாள் மத்தியானமே கிளம்புவோம். ஏன் அவ்வளவு முன்னாலே? ரோட்டை நம்ப முடியாது.

மஸ்கெலியாவிலிருந்து நோர்வூட், ஹட்டன். அங்கேயிருந்து கினிகத்தேனை இறக்கம், கித்துள்கல, யட்டியாந்தோட்டை, அவிசாவளை, ஹங்வெல்ல. கடுவெல வந்துவிட்டால் போதும். அங்கே அதிவேகப் பாதையில் ஏறினால் கெரவலப்பிட்டி சுற்றிக் கட்டுநாயக்க வரைக்கும் பால் மாதிரி ரோடு, அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. ஆனால் அந்தக் கடுவெலக்கு வந்து சேர நாலு மணித்தியாலம், மழையென்றால் கேட்கவே வேண்டாம். கினிகத்தேனையில் ஒரு தடவை எங்களுக்கு முன்னால் மண்ணும் ஒரு யூக்கலிப்டஸ் மரமும் சேர்ந்து சரிந்து விழுந்தது. லைட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறோம், பின்னாலே லொறி, பஸ், ஒரு அம்புலன்ஸ். பயணம் போகிற பிள்ளை வாய் திறக்கவில்லை, பாஸ்போர்ட் உறையையே பார்த்துக்கொண்டிருந்தது. அதனுடைய அம்மா இறங்கிப்போய் மண் அள்ளுகிற பெக்கோ மெஷின்காரனிடம் கையெடுத்துக் கும்பிட்டார். ஊர்ப் பொடியன்களும் மண்வெட்டியோடு வந்ததால் ஒரு வழி திறந்தது. ஃப்ளைட் கிடைத்தது. கிடைக்காமல் போனவர்களும் இருக்கிறார்கள். டிக்கட் காசை ஏஜென்சி அவர்களிடம் திரும்பக் கேட்கும்.

ஆகவே என் ஓட்டு ரோட்டுக்கு.

#9 பொகவந்தலாவை_டீச்சர்

வேன் அண்ணன் ஹட்டனிலிருந்து தொடங்கினார். நான் இன்னும் கொஞ்சம் மேலேயிருந்து தொடங்குகிறேன்: லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலிலிருந்து மெயின் ரோட்டுக்கு வருகிற தோட்டப் பாதை. சூட்கேஸைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்குகிற இடம் அது. வேன்காரர்கள் பலர் உள்ளே வர மாட்டார்கள். வந்தால் அடித்தட்டு இடிக்கும்.

இந்தப் பாதைகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருந்தது. தோட்டம் தனியார் நிலமாகக் கணக்கு. பிரதேச சபை தன் காசைத் தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 1992ல் தோட்டங்களைக் கம்பனிகளின் கையில் கொடுத்த பிறகு, கொழுந்து லொறி போகிற பாதையை மட்டும் ஏதோ பார்த்துக்கொண்டார்கள். நாம் பிரதேச சபைக்கு ஓட்டுப் போடுவோம், சபை நமக்கு ஒரு மதகுகூடப் போட முடியாது. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைத் திருத்தியது 2018ல்தான். சுதந்திரம் கிடைத்து 70 வருஷம் கழித்து! திருத்தின பிறகும் சபையிடம் காசு இருக்கணுமே.

விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம் நிற்கிறதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறார்கள். பிள்ளைத்தாச்சியைக் கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதைப் பற்றி எழுத எந்த ஹோட்டல் சங்கமும் இல்லை.

#10 மஸ்கெலியா_மைந்தன்

டீச்சர், நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஒன்றுக்கு ஒன்று போட்டியாக வைத்தால் அவர்களுக்குத்தான் வசதி. தோட்டப் பாதையைக் கேட்டால் விமான நிலையத்துக்குக் காசு வேணும் என்பார்கள். விமான நிலையத்தைக் கேட்டால் ஏழைகளுக்கு முதலில் ரோடு என்பார்கள். கடைசியில் இரண்டும் இல்லை.

கியூஎஸ் அண்ணே, ஒரு சந்தேகம். 60 டொலர் வரி எடுக்கிறார்களே, அதைச் சேர்த்து வைத்தே முனையத்தைக் கட்ட முடியாதா? ஜப்பானிடம் ஏன் போகணும்?

#11 கண்டி_கியூஎஸ்

அந்த வரியில் மூன்றில் ஒரு பங்கு சட்டப்படி சுற்றுலா நிதிக்குப் போகிறது. மிச்சமும் முழுசாகக் கட்டடத்துக்கென்று ஒதுங்குவதில்லை. இந்த அளவு வேலைக்கு மொத்தமாகக் காசு முன்னாலே தேவை, அதுவும் டொலரிலும் யென்னிலும். லிஃப்ட், பெக் பெல்ட், ஏறு பாலம், ஸ்கேன் எல்லாம் வெளியிலிருந்துதான் வரணும். ஜப்பான் கடன் வட்டி குறைவு, தவணை நீளம். கடன் வாங்கினதில் தப்பில்லை.

தப்பு, தொடங்கி நிறுத்துவதில். என் தொழிலே (கியூஎஸ்) கட்டட வேலைக்குக் கணக்குப் பார்ப்பதால் சொல்கிறேன். ஒரு வேலை பாதியில் நின்றால் முதலில் கொன்ட்ராக்ட்காரன் சும்மா நின்ற நாளுக்குக் காசு கேட்பான். மெஷினுக்கு வாடகை, ஆளுக்குச் சம்பளம், காப்புறுதி, எல்லாம் ஓடும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கம்பி துருப்பிடிக்கும். மறுபடி தொடங்கும்போது அதைச் சுரண்டிச் சோதிக்கணும், சிலதை வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டணும். அதற்குள் சீமெந்து, இரும்பு, டொலர் எல்லாம் விலை ஏறியிருக்கும். பழைய ஒப்பந்தக்காரர் போய்விட்டால் அரைகுறையாக நிற்கிற கட்டடத்துக்குப் புதிய ஆள் பொறுப்பு எடுக்கப் பயப்படுவான், அந்தப் பயத்தையும் விலையில் சேர்ப்பான். ஜப்பான் 2024 ஜூலையில் கடனைத் திறந்துவிட்டது. திறந்த அடுத்த நாளே கொங்கிரீட் ஊற்ற முடியாததற்குக் காரணம் இதுதான்.

நம்பிக்கை என்று இன்னொன்று. 2020ல் கொழும்பு இலகு ரயிலை நாமே ஒருதலையாக ரத்துச் செய்தோம். அதுவும் ஜப்பான் கடன். அடுத்த தடவை அவர்கள் பேனையை எடுக்கும்போது நிதானமாகத்தானே எடுப்பார்கள்.

கொழும்புப் பக்கமிருந்து கண்டிக்குப் போடுகிற மத்திய அதிவேகப் பாதையும் இதே கதை. மீரிகம, குருநாகல் பகுதி 2022 ஜனவரியில் திறந்தாகிவிட்டது. கடவத்தயிலிருந்து மீரிகம வரை 37 கிலோமீற்றர் சீனக் கடன் நின்றதால் கிடந்தது, 2025 செப்டெம்பரில்தான் மறுபடி தொடங்கினார்கள். நடுத்துண்டு முதலில் முடிந்து தலைத்துண்டு இல்லை. கண்டிக்கு வருகிற துண்டைப் பற்றிக் கேட்காதீர்கள்.

இப்போது ஐ.எம்.எஃப். கணக்கில் முதன்மை மிகை (வட்டியைச் சேர்க்காமல் வரவில் செலவு போக மிஞ்சுவது) நாட்டு மொத்த உற்பத்தியில் 2.3 சதவீதம் காட்டணும். சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வட்டியையும் வெட்ட முடியாது. ஆகவே எந்த அமைச்சென்றாலும் முதலில் வெட்டுவது கட்டட வேலையை. கத்திக்குக் கிட்ட இருப்பது அதுதான்.

#12 நானுஓயா_பென்ஷன்

பிள்ளைகளே, ரயிலை மறந்துவிட்டீர்கள். வெள்ளைக்காரன் 1867ல் கண்டிக்கு ரயில் கொண்டுவந்தான். 1885ல் நானுஓயா, 1924ல் பதுளை. கோப்பி, தேயிலை இறக்கத்தான், நமக்காக இல்லை. இருந்தாலும் கட்டினான். அதே ஒற்றைத் தண்டவாளத்தில்தான் இன்னும் ஓடுகிறோம். எதிர் ரயிலுக்கு வழிவிட ஸ்டேஷனில் காத்து நிற்கணும்.

என் தகப்பனார் காலத்தில் இந்தியா போவதென்றால் இங்கே ரயில் ஏறினால் தலைமன்னார், கப்பல், தனுஷ்கோடி, மறுபடி ரயில். ஒரே டிக்கட். 1964 புயலோடு தனுஷ்கோடி போனது, அப்புறம் இராமேஸ்வரம், யுத்தத்தோடு அதுவும் போனது. இப்போது திருச்சி போக வேன், அதிவேகம், விமானம்.

டூரிஸ்ட் வந்ததும் ரயில் டிக்கட்டும் நமக்கு எட்டாமல் போனது. இணையத்தில் திறந்த கையோடு எல்லவுக்குப் போகிற டிக்கட் தீர்ந்துவிடும், 2025 தொடக்கத்தில் கள்ளச்சந்தை விசாரணையும் நடந்தது. விமான நிலையத்தில் கூட்டம் கூடினால் முதலில் தெரிவது எங்கள் பெட்டியில்தான்.

#13 ஊவா_காற்று

ஐயா, டித்வா புயலுக்குப் பிறகு அந்த ஒற்றைத் தண்டவாளமும் என்ன ஆனது பார்த்தோம்தானே. 2025 நவம்பர் கடைசியில் பாதை தொங்கிக்கொண்டு நின்றது. அதற்குச் சில நாளைக்கு முன்னாலேயே பஹல கடுகண்ணாவையில் மண் விழுந்து கொழும்பு, கண்டி ரோடு அடைபட்டது. ரயில் இல்லை, ரோடு இல்லை. அப்போது மேலேயிருந்து ஹெலிகொப்டர்தான் வந்தது. விமானத் தளம் கேட்டதற்குச் சிரித்தீர்கள். சின்னதாக ஒன்று, அவசரத்துக்காவது இருக்கணும் என்ற என் நிலைப்பாட்டில் மாற்றமில்லை.

#14 கண்டி_கியூஎஸ்

அவசரத்துக்கு ஹெலிகொப்டர் தளம் என்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஒவ்வொரு பிரதேச செயலகத்துக்கும் ஒன்று, செலவும் பெரிதில்லை. விமான நிலையம் என்று சொன்னால்தான் ரிப்பன் வெட்ட ஆள் வந்துவிடும்.

#15 பொகவந்தலாவை_டீச்சர்

ஹெலிகொப்டர் தளம் வரைக்கும் பாதை யார் போடுவது? 🙂

#16 டோஹா_தம்பி

டீச்சருக்கு ஒரு லைக்.

சரி, எனக்கு ஒரு அவசரக் கேள்வி. தங்கச்சி அடுத்த மாதம் முதல் தடவையாக இங்கே டோஹாவுக்கு வருகிறாள், ஃப்ளைட் விடியற்காலை 3.40. கொட்டகலை அண்ணே, எத்தனை மணிக்குக் கிளம்பணும்? தலவாக்கலை அண்ணே, உள்ளே எத்தனை மணிக்குப் போகணும்?

#17 தலவாக்கலை_நைட்ஷிப்ட்

கவுன்டர் திறப்பது வழக்கமாக மூன்று மணித்தியாலம் முன்னால்தான், நிறுவனத்தைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். அதற்காகப் பன்னிரண்டரைக்கு வரச் சொல்லாதே, வாசல் ஸ்கேன் கியூ அப்போதுதான் உச்சம். பதினொன்றுக்கு உள்ளே போய்விட்டால் நல்லது. பணியகப் பதிவுத் தாளைப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது, கையில் இருக்கணும். ஒப்பந்தத்தின் கொப்பியும் ஒன்று கையில். பெரிய பெட்டியில் பவர் பேங்க் போட்டால் திறக்கச் சொல்லுவார்கள், அதில் அரை மணித்தியாலம் போகும். எந்தக் கியூ என்று தெரியாவிட்டால் சீருடை போட்ட யாரிடமும் தமிழிலேயே கேட்கட்டும். விளங்காவிட்டாலும் விளங்குகிற ஆளைக் கூப்பிடுவார்கள். அன்றைக்கு எனக்கு டியூட்டி இருந்தால் தனிமடலில் சொல்கிறேன்.

#18 கொட்டகலை_வேன்

மழை இல்லையென்றால் பின்னேரம் மூன்றுக்குக் கிளம்பினால் போதும். மழையென்றால் ஒரு மணிக்கு. சோறு கட்டிக்கொண்டு வரச் சொல்லு, அவிசாவளைக்குப் பிறகு நிறுத்த மாட்டேன். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று அனுப்பு. உள்ளே வேன் வருமா, ஆட்டோவில் மெயின் ரோட்டுக்கு இறக்கணுமா என்று பார்த்துச் சொல்கிறேன். ஆள் ஒன்பதுக்கு மேல் வேண்டாம், ஃபிரிட்ஜ் வாங்க இப்போது யாரும் வரவில்லைதானே.